கொசுவம்

விசிறியை நிறுத்தினால்தான் கோடு வரும்.
ஓடவிட்டால், தட்டிலிருந்து துணிக்குப் போவதற்குள்
தூரிகை நுனியிலேயே பச்சை பொருக்காகிவிடுகிறது.
மே மாதம், கொளத்தூர், இரண்டாம் மாடி.
பனியன் முதுகோடு ஒட்டிக்கிடக்க
கட்டைவிரல் கணு உயரமுள்ள சிப்பாய் ஒருவனுக்குப்
பாவாடை கட்டிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பகலில் புரசைவாக்கத்தில் பல் கட்டுகிறேன்.
யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லில்
நாற்பது வருட வெற்றிலைக் கறையை
அச்சு அசலாக ஏற்றுவது என் வேலை.
வெள்ளை வெளேரென்றிருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும்.
அதே தூரிகைதான், மூன்று சைபர்.
இரவில் அது ஸ்காட்லாந்துக்குப் போகிறது.

அடியில் கரும்பச்சை.
அதன்மேல் அகலமாய் நீலம், நெடுக்கில் ஐந்து, குறுக்கில் மூன்று.
நீலத்தின் நடுவே மயிரிழை மஞ்சள்.
கோட்டைக் கோடு கடக்கும் இடத்தில்
ஒரு புள்ளி வெளுப்பு.
அந்தப் புள்ளியில்தான் கண் ஏமாந்து
வண்ணத்தைத் துணி என்று நம்புகிறது.
மூச்சைப் பிடித்து ஒரு கோடு,
விட்டுப் பிடித்து இன்னொன்று.
மூக்கு நுனி வியர்வை சொட்டி
போன வாரம் முரசு அடிப்பவன் ஒருவன்
இடுப்புக்குக் கீழே கரைந்துபோனான்.

நாற்பது பேர் ஆர்டர். அடையாறில் ஒரு கண் டாக்டர்
சாப்பாட்டு மேசை அளவுக்குப் போர்க்களம் வைத்திருக்கிறார்.
முப்பத்தொன்பது பேர் செருப்பு டப்பாவில் தயார்.
கடைசி ஆளுக்குப் பின்பக்கம் பாக்கி.
பின்பக்கம் முழுக்க மடிப்பு.
மடிப்பில் மட்டும் என் கட்டம் செத்துவிடுகிறது,
கம்பி ஜன்னல் மாதிரி நிற்கிறது.

கட்டம் என்றாலே வசுமதிக்குச் சிரிப்பு.
எங்கள் கட்டம் பொருந்தவில்லை என்று
மூன்று ஜோசியர்கள் சொன்னார்கள்.
ஏழில் ஏதோ, எட்டில் ஏதோ.
பொருந்தாமலே பதினோரு வருடம்,
ஒரு குளியலறை, ஒரு ஸ்கூட்டர்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று.
கோடு பாதியில். தூரிகை அந்தரத்தில்.
தெரு மொத்தமும் ஒரே குரலில் ‘ச்சே’.
உள்ளறையிலிருந்து எழுந்து வந்தவள்
போன் வெளிச்சத்தை என் தோளுக்கு மேல் பிடித்தாள்.
முதல் தடவையாக லென்ஸுக்குள் குனிந்து பார்த்தாள்.
“கொசுவம் வெக்கவே தெரியல.”
“இவனுக்கா?”
“உனக்கு. அவன் சரியாத்தான் வெச்சிருக்கான்.”

போனை என் கையில் திணித்துவிட்டு
பீரோவிலிருந்து கட்டம் போட்ட காட்டன் சேலையை உருவினாள்,
அரக்கில் கடுகு மஞ்சள்.
நைட்டி மேலேயே சுற்றி மடித்தாள்,
ஒன்று, இரண்டு, ஐந்து.
“பாரு. நெடுக்குக் கோடு உள்ள போய் ஒளிஞ்சுக்கும்.
குறுக்குக் கோடு மடிப்புக்கு மடிப்பு
படி இறங்கும், படி ஏறும்.
நேரா ஓடினா அது துணி இல்ல, பாத்ரூம் டைல்ஸ்.”

வெளிச்சத்தை நகர்த்தினேன்.
மஞ்சள் ஒரு மடிப்பில் தெரிந்து,
இரண்டு மடிப்புக்குக் காணாமல் போய்,
அவள் கால் மாற்றி நின்றதும் வேறெங்கோ எழுந்தது.
பதினோரு வருடம், காலை எட்டு மணி,
“கீழ கொஞ்சம் இழுத்து விடேன்” என்பாள்.
குந்தி உட்கார்ந்து இழுத்து விட்டிருக்கிறேன்,
கண்ணால் ஸ்கூட்டர் சாவியைத் தேடியபடி.

ஈரத்துணியால் சிப்பாயின் பின்பக்கத்தைத் துடைத்தேன்.
மறுபடி கரும்பச்சை.
இந்த முறை கோடு போடவில்லை.
மடிப்பு எங்கே விட்டுக்கொடுத்ததோ
அங்கே மட்டும் நீலத்தைத் தொட்டு எடுத்தேன்.
ஒரு கையில் கொசுவமும் மறு கையில் போனுமாய் நின்றவள்
“கை வலிக்குது” என்றாள்.
“ரெண்டே மடிப்பு” என்றேன்.
ஏழாயிற்று.

கரண்ட் வந்தபோது எதிர்வீட்டு டிவி
பாதி விளம்பரத்தில் அலறியது.
அவள் சேலையை உருவி நாற்காலியில் போட்டுவிட்டுத்
தூங்கப் போனாள்.
டாக்டர் எப்படியும் இவனைச் சுவரோரம்தான் நிறுத்துவார்,
முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்.
வார்னிஷ் காயட்டும் என்று டப்பாவில்
எல்லாரோடும் ஒரே திசை பார்க்க வைத்தேன்.

காலையில், அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு பார்க்கிறேன்:
முப்பத்தொன்பது பேர் என்னை முறைக்க
ஒருவன் மட்டும்
திரும்பி நிற்கிறான்.